ஒரு சொட்டு மருந்தும் எழுதுபவளின் அமானிதமும்

அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், தொழுகையைப் பற்றியது என்றோ நோன்பைப் பற்றியது என்றோ பலர் பதில் சொல்வர். உண்மையில் அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிய வசனமாகும். ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் அது. மதீனாவில் அச்சிடப்படும் முஸ்ஹபில் ஒரு பக்கம் முழுவதையும் அந்த ஒரே வசனம் பிடித்துக் கொள்கின்றது.

அதன் கருத்தைச் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பாருங்கள். எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும் என்கின்றது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்கின்றது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதில் சலிப்புக் கூடாது என்கின்றது. கடன்பட்டவர் தானே எடுத்துச் சொல்ல இயலாத நிலையில் இருந்தால், அவருடைய பொறுப்பாளர் அவருக்காக நீதமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்கின்றது. எழுதியவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது என்றும் தடுக்கின்றது. வணக்க வழிபாட்டுக்கு அருளப்பட்ட வேதம், ஒரு கணக்கெழுத்தாளரின் பேனாவுக்கு இத்தனை விதிகளைச் சொல்லித் தருவது ஏன்? பேனா சரிந்தால் ஒரு குடும்பத்தின் சோறு சரியும் என்பதனாலேயாகும்.

அக்காலத்து எழுத்தாளர் சந்தையில் அமர்ந்திருந்தார். இக்காலத்து எழுத்தாளர் பல வேளைகளில் வீட்டு அறையில் கணினிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் ஒரு யுவதியாக இருக்கின்றார். அவர் செய்யும் தொழிலுக்கு மெடிக்கல் கோடிங் என்று பெயர். அமெரிக்க வைத்தியசாலைகளின் நோயாளர் குறிப்புகளைப் படித்து, செய்த சிகிச்சைக்கும் கொடுத்த மருந்துக்கும் உரிய குறியீட்டு இலக்கங்களை எழுதிக் கொடுக்கும் வேலை அது. சென்னை நகரம் இத்தொழிலின் பெரிய மையமாக விளங்குகின்றது. பர்தாவைப் பேணிக் கொண்டு, வீட்டை விட்டு வெளியேறாமல் செய்யக் கூடிய உத்தியோகம் என்பதால் எமது பெண் பிள்ளைகளும் இதில் ஆர்வம் காட்டுகின்றனர். "ஹஸரத், இது ஹலாலான தொழிலா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னர் தொழில் இன்னதென்று விளங்கிக் கொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு வகை மருந்தை உதாரணமாக எடுத்துக் கொள்வோம்.

பிரஷரை உயர்த்தும் ஊசிகள்

பிரஷர் என்றதும் எமக்கு நினைவு வருவது கூடிய பிரஷரும் அதைக் குறைக்கும் குளிசையும் தான். ஆனால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் நேரங்களும் உண்டு. கிருமி இரத்தத்தில் பரவி உடல் அதிர்ச்சி நிலைக்குச் செல்லும் போதும், இருதயம் சோர்ந்து விடும் போதும், கடுமையான ஒவ்வாமை ஏற்படும் போதும் இரத்த ஓட்டம் தளர்ந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போதாமல் போகின்றது. அப்போது வைத்தியர்கள் நோரட்ரினலின், வாஸோபிரஸின், அட்ரினலின், டொபமைன், டொபியூட்டமைன் போன்ற ஊசி மருந்துகளைக் கொண்டு இரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கின்றனர்.

தாய்மாருக்கு நெருக்கமான மருந்து ஒன்றும் இவற்றுள் உண்டு. சிசேரியன் சத்திரசிகிச்சைக்காக முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்யும் போது, பல தாய்மாருக்குத் திடீரெனப் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், ஓங்காளம் வரும். அவ்வேளையில் மயக்க மருந்து வைத்தியர் நாளத்தினூடாகக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று பினைல்எப்ரின். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரோகிராம் போதும். ஒரு மில்லிகிராமில் 1000 மைக்ரோகிராம் உண்டு என்பதை நினைத்தால், தாயையும் சேயையும் அல்லாஹ் எத்தனை சிறிய அளவைக் கொண்டு காப்பாற்றுகின்றான் என்பது விளங்கும்.

வாஸோபிரஸினுக்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் அது மாடு, பன்றி ஆகியவற்றின் மூளையடிச் சுரப்பியிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டது. பின்னர் வின்சன்ட் டு விக்னோட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1950களில் இதனை ஆய்வுகூடத்தில் செயற்கையாக உருவாக்கிக் காட்டினார். பிரசவ அறையில் வலி எடுப்பதற்காகக் கொடுக்கும் ஒக்ஸிடோஸினை முதன்முதலில் செயற்கையாக உருவாக்கியவரும் இவரே. 1955இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு இவருக்குக் கிடைத்தது. இன்று வைத்தியசாலைகளில் பாவிக்கப்படும் வாஸோபிரஸின் செயற்கையாகத் தயாரிக்கப்படுவதாகும். பன்றியின் பெயரைக் கேட்டுத் தயங்குவோர் இதனை அறிந்து கொள்வது நல்லது.

குறியீடும் அளவும்

அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்க மருத்துவத் திட்டத்தின் பெயர் மெடிக்கேர். அதனை நடத்தும் மத்திய அரசின் நிலையம், ஊசி மருந்துகளுக்கு ஜே என்ற எழுத்தில் தொடங்கி நான்கு இலக்கங்களில் முடியும் குறியீடுகளை வகுத்துள்ளது. குறியீடு மருந்தின் பெயரை மட்டும் சொல்வதில்லை. எவ்வளவு மருந்தை ஓர் அலகாக எண்ண வேண்டும் என்பதையும் சொல்கின்றது. சிக்கல் இங்கே தான் பிறக்கின்றது.

அட்ரினலினுக்கு முன்னர் ஜே 0171 என்ற குறியீடு இருந்தது. அதில் ஓர் அலகு என்பது 0.1 மில்லிகிராம். கடுமையான ஒவ்வாமையால் மூச்சுத் திணறி வந்த ஒருவருக்கு 0.3 மில்லிகிராம் போட்டால் எழுத வேண்டியது 3 அலகு. இருதயம் நின்று போனவருக்கு 1 மில்லிகிராம் கொடுத்தால் 10 அலகு. டொபமைனின் குறியீடு ஜே 1265. அதில் ஓர் அலகு 40 மில்லிகிராம். 400 மில்லிகிராம் கொண்ட ஒரு பை முழுவதும் ஏறினால் 10 அலகு. டொபியூட்டமைனுக்கு ஜே 1250. அதில் ஓர் அலகு 250 மில்லிகிராம். ஆக, பத்து என்ற ஒரே எண் ஓரிடத்தில் 1 மில்லிகிராமையும் இன்னோரிடத்தில் 400 மில்லிகிராமையும் குறிக்கின்றது. சந்தையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் வெவ்வேறு படி வைத்து அளப்பதைப் போன்றது இது. எந்தப் படி என்று பாராமல் அளப்பவர் நல்லெண்ணத்தோடு அளந்தாலும் பிழையாகவே அளப்பார்.

படியே மாறிப் போவதும் உண்டு. பினைல்எப்ரினுக்கு முன்னர் ஜே 2370 என்ற குறியீடு இருந்தது. 1 மில்லிலீற்றர் வரை எவ்வளவு கொடுத்தாலும் ஓர் அலகு என்பது அதன் கணக்கு. 2023 ஜூலை முதலாந் திகதி தொடக்கம் அது நீக்கப்பட்டு, ஜே 2371 என்ற குறியீடு வந்தது. இதில் 20 மைக்ரோகிராம் ஓர் அலகு. சிசேரியன் தாய்க்குக் கொடுத்த 100 மைக்ரோகிராம் 5 அலகாகும். ஆனால் 10 மில்லிகிராம் அடங்கிய ஒரு சிறு குப்பி 500 அலகாகும். குப்பியைப் பார்த்து எழுதுகின்றவர் 500 எழுதுவார். நோயாளியின் குறிப்பைப் பார்த்து எழுதுகின்றவர் 5 எழுதுவார். இரண்டுக்கும் இடையில் நூறு மடங்கு வித்தியாசம்.

இந்த இடத்தில் தான் ஷுஐப் (அலை) அவர்களின் சமூகத்தவர் நினைவுக்கு வருகின்றனர். மத்யன்வாசிகள் செய்த பாவங்களுள், இணைவைத்தலுக்கு அடுத்ததாக அவர்களுடைய நபி எடுத்துச் சொன்னது அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்ததையே. ஸூரத்துல் முதஃப்பிஃபீன் என்ற ஓர் அத்தியாயமே அளவில் மோசடி செய்வோருக்கான எச்சரிக்கையோடு தொடங்குகின்றது. தனக்கு வாங்கும் போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும் போது குறைப்பவர்கள் அங்கே கண்டிக்கப்படுகின்றனர். அன்றைய படியும் தராசும் இன்று அலகு என்ற பெயரில் கணினித் திரையில் இருக்கின்றன. அவ்வளவு தான் வித்தியாசம்.

மீந்து போன மருந்து

ஒருவருக்கு மட்டும் பாவிக்க வேண்டிய குப்பியை உடைத்து, தேவையான அளவைக் கொடுத்த பின்னர் மீதியைக் கொட்டிவிடுவர். அதை இன்னொருவருக்குப் போட முடியாது. அந்த மீதியின் விலையை யார் சுமப்பது? மெடிக்கேர் தனியாகப் பணம் கொடுக்கும் மருந்துகளுக்கு இதற்கென ஒரு விதி உண்டு. கொடுத்த அளவை ஒரு வரியிலும் கொட்டிய அளவை இன்னொரு வரியிலும் எழுதி, இரண்டாவது வரியில் ஜேடபிள்யூ என்ற அடையாளம் இட வேண்டும். 2017 ஜனவரி தொடக்கம் இது கட்டாயமாக்கப்பட்டது. எதுவுமே வீணாகவில்லை என்றால் ஜேஸெட் என்ற அடையாளத்தை இட்டு அதனையும் உறுதிப்படுத்த வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் கட்டாயம்.

1 மில்லிகிராம் குப்பியில் 0.3 கொடுத்து 0.7 கொட்டப்பட்டால், விதி பொருந்தும் இடத்தில் ஒரு வரியில் 3, மறு வரியில் 7. மொத்தம் பத்துத் தான். பத்தையும் ஒரே வரியில் "கொடுக்கப்பட்டது" என்று எழுதினாலும் தொகை மாறாது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அது பொய்யாகும். நோயாளியின் உடலில் ஏறாத மருந்தை ஏறியதாகப் பதிவது, பின்னர் அந்தப் பதிவைப் பார்க்கும் வைத்தியரையும் ஏமாற்றும்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்தது என்று அவர் காரணம் சொன்ன போது, அந்த ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்றே அண்ணலார் கேட்டார்கள். நனைந்தது குற்றமல்ல. மறைத்ததே குற்றம். மருந்து வீணானதும் குற்றமல்ல. அதை மறைத்தால் தான் குற்றம்.

நோயின் பெயரைக் கூட்டி எழுதுதல்

வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுபவருக்கு மெடிக்கேர் ஒவ்வோர் ஊசிக்கும் தனித்தனியாகப் பணம் கொடுப்பதில்லை. நோயின் வகையைப் பார்த்து முழுச் சிகிச்சைக்கும் சேர்த்து ஒரு தொகை கொடுக்கின்றது. 1983இல் தொடங்கிய முறை இது. ஆகவே அங்கே ஆசை வேறு வழியால் நுழைகின்றது. மருந்தைக் கூட்டி எழுதிப் பயனில்லை என்பதால், நோயைக் கூட்டி எழுதத் தூண்டுகின்றது.

பிரஷர் குறைந்தது என்று மட்டும் எழுதினால் ஐ 95.9 என்ற குறியீடு. கிருமித் தொற்றினால் ஏற்பட்ட அதிர்ச்சி நிலை என்று எழுதினால் ஆர் 65.21. முன்னதை விடப் பின்னதுக்கு வைத்தியசாலை பெறும் தொகை பெரும்பாலும் கூடுதலாகும். நோரட்ரினலின் ஏற்றப்பட்டிருக்கின்றதே, அப்படியானால் அதிர்ச்சி நிலையாகத் தான் இருக்கும் என்று எழுதுபவர் தானாக ஊகித்து எழுதிவிடலாமா? கூடாது. மயக்க மருந்தின் விளைவாகவும் பிரஷர் இறங்கும், இரத்தப் போக்கினாலும் இறங்கும். நோயைத் தீர்மானிப்பது வைத்தியரின் பணி. அவர் எழுதாததை இவர் எழுத முடியாது. குறிப்பு தெளிவில்லாவிட்டால் வைத்தியரிடம் எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அப்படிக் கேட்கும் போதும், தான் விரும்பும் பதிலை அவர் வாயில் திணிக்கும் விதத்தில் கேட்கக் கூடாது.

அந்நாட்டுச் சட்டமும் இதில் கடுமையானது. உள்நாட்டுப் போரின் போது இராணுவத்துக்குப் பொருள் வழங்கிய வியாபாரிகள் செய்த மோசடியைத் தடுக்க 1863இல் கொண்டு வரப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அரசாங்கத்துக்கு ஏற்பட்ட நட்டத்தின் மூன்று மடங்கு வரை அறவிட அது இடமளிக்கின்றது. ஆனால் ஒரு முஃமினான பெண்ணுக்கு அதைவிடப் பெரிய கண்காணிப்பு உண்டு. கிராமன் காதிபீன் என்ற கண்ணியமிக்க எழுத்தாளர்கள் அவள் எழுதுவதையே எழுதிக் கொண்டிருக்கின்றனர்.

விலை ஏறிய கதை

எழுத்தாளர் மட்டுமா பொறுப்பு என்று கேட்கலாம். இல்லை. வாஸோபிரஸின் அமெரிக்காவில் பல ஆண்டுகள் முறையான அனுமதியின்றியே குறைந்த விலைக்கு விற்கப்பட்டு வந்த பழைய மருந்து. அத்தகைய மருந்துகளை ஒழுங்குபடுத்த அந்நாட்டு மருந்து அதிகார சபை 2006இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2014இல் ஒரு நிறுவனத்தின் வாஸோபிரஸினுக்கு அனுமதி கிடைத்தது. அனுமதியற்றவை சந்தையை விட்டு நீங்கின. போட்டி இல்லாமற் போனதும் விலை பல மடங்கு உயர்ந்தது. 2022இல் வேறு நிறுவனங்களின் மருந்து வந்த பின்னரே போட்டி மீண்டும் பிறந்தது.

கிருமித் தொற்றின் அதிர்ச்சியில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 0.03 யூனிட் ஏற்றினால், ஒரு நாளைக்கு 43.2 யூனிட் செல்லும். 20 யூனிட் குப்பியில் இரண்டு போதாது, மூன்றாவதையும் உடைக்க வேண்டும். ஒரு குப்பியின் விலை பல மடங்கானால் ஒரு நாளின் செலவு எங்கே போய் நிற்கும்? மக்களுக்குத் தேவையான பொருளைப் பதுக்கி வைத்து விலையேறக் காத்திருப்பதை எமது மார்க்கம் இஹ்திகார் என்று பெயரிட்டுத் தடுத்துள்ளது. இங்கே பதுக்கல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி நடந்தாலும், தேவையுள்ளவரின் கழுத்தில் கை வைத்து விலை சொல்வது நீதமாகிவிடாது என்பதே என் கருத்து.

அப்படியானால் தொழில் ஹலாலா?

கொடுக்கப்பட்ட சிகிச்சையை உள்ளபடி பதிவு செய்து கூலி பெறுவது அடிப்படையில் ஆகுமான தொழிலாகும். காப்புறுதியைப் பற்றிச் சிலர் சந்தேகம் எழுப்புகின்றனர். வர்த்தகக் காப்புறுதி ஆகாது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1985இல் தீர்மானித்தது உண்மையே. ஆயினும் குறியீடு எழுதுபவர் காப்புறுதி ஒப்பந்தத்தை எழுதவில்லை. வைத்தியசாலைக்குச் சேர வேண்டிய கூலியின் விபரத்தையே எழுதுகின்றார். இரண்டும் ஒன்றல்ல என்பது எனது பணிவான கருத்து. மனதில் நெருடல் உள்ளவர்கள் தம் ஊர் உலமாக்களிடம் விளக்கம் பெறலாம்.

ஆனால் இத்தொழிலுக்கு வருபவர் மூன்று விடயங்களை மனதில் பதிக்க வேண்டும். முதலாவது, இல்லாததை எழுதும்படி மேலாளர் சொன்னால் மறுக்கும் துணிவு வேண்டும். இரண்டாவது, நோயாளியின் குறிப்பில் கண்ட எதனையும் வீட்டாரிடம் கூட வாய் திறக்கக் கூடாது. 1996ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றும் அதைத் தடுக்கின்றது, அமானிதம் பேணுமாறு எமது மார்க்கமும் பணிக்கின்றது. மூன்றாவது, "அது அமெரிக்கர்களின் பணம் தானே" என்ற எண்ணம் வரவே கூடாது. தம்மைக் கொல்லச் சதி செய்த மக்கத்துக் குறைஷியர் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே, ஹிஜ்ரத்தின் போது நபி (ஸல்) அவர்கள் அலி (ரழி) அவர்களைப் பின்னால் நிறுத்திச் சென்றார்கள்.

எமது வீட்டுக்கு ஒரு பாடம்

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அதனால் மருந்துக் கணக்கைப் பற்றி நாம் பெரிதாக எண்ணுவதில்லை. தனியார் வைத்தியசாலையின் பில் கையில் வரும் போது தான் திகைத்து நிற்கின்றோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரால் தன் கணக்கைத் தானே பார்க்க முடியாது. மேற்சொன்ன வசனம் கூறும் பொறுப்பாளர் என்ற இடத்தில் அப்போது நிற்பவர்கள் நாமே, பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

ஆகவே ஒரு சிறு கொப்பியில் திகதியையும் மருந்தின் பெயரையும் குறித்துக் கொள்ளுங்கள். பேராசிரியர் சேனக பிபிலே அவர்களின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவான நாடு இது. கம்பனிப் பெயரை விட மருந்தின் உண்மைப் பெயரே முக்கியம் என்பது அவர் போதித்த பாடம். அந்தப் பெயரைத் தாதியிடம் பணிவாகக் கேட்டு எழுதுங்கள். பணம் கட்டும் முன்னர் ஒவ்வொன்றாக விபரிக்கும் பில்லைக் கேளுங்கள். எத்தனை குப்பி, என்ன விலை, எந்த நாள் என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சத்தம் போடாமல் பில் கருமபீடத்திலும் பின்னர் நிர்வாகத்திடமும் கேளுங்கள். அதிலும் தீராவிட்டால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் சபை இருக்கின்றது. கணக்குச் சரியென்று கண்டால் தாமதமின்றிச் செலுத்துங்கள். கேட்பது எமது உரிமை, கொடுப்பது எமது கடமை.

இறுதியாக எம்மையும் நாம் பார்த்துக் கொள்ள வேண்டும். "ஒபிஸில் கொடுக்க வேண்டும், பில்லைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தாங்கோ" என்று மருந்துக் கடையில் கேட்பவர்கள் எம்மில் இல்லையா? போகாத கிளினிக்குக்குத் துண்டு எடுப்பவர்கள் இல்லையா? வைத்தியசாலை கூட்டி எழுதினால் அநியாயம், நாம் கூட்டி எழுதினால் கெட்டித்தனம் என்றாகிவிடுமா? பிறருக்கு ஒரு படியும் தமக்கு வேறொரு படியும் வைத்திருந்தோரைத் தானே அந்த அத்தியாயம் கண்டிக்கின்றது.

சகோதரிகளே, உங்கள் மகள் குறியீடு எழுதும் தொழிலுக்குச் சென்றாலும், கடைக் கணக்கு எழுதினாலும், பாடசாலை வரவுப் பதிவேடு எழுதினாலும், அவள் அமர்வது அல்லாஹ் விதிகள் வகுத்துக் கொடுத்த ஓர் ஆசனத்தில் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். 0.1 மில்லிகிராமைக் கூடச் சரியாக எழுதுபவளின் சம்பாத்தியத்தில் அவன் பரக்கத்தைச் சொரிவான்.

வல்ல அல்லாஹ் எமது அளவையும் எழுத்தையும் சீராக்கி, நோயுற்றோருக்குப் பூரண சுகத்தையும் அவர்களைச் சுமக்கும் குடும்பங்களுக்கு இலேசையும் தந்தருள்வானாக. ஆமீன்.